காஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு கிரகண இரட்டை: ஒளி அளவீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நெல்லைச் சீமைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவியும் ஒரு மாணவரும் சேர்ந்து ஒரே ஆய்வேட்டுத் தலைப்பை எடுத்தார்கள். எடை குறைந்த கிரகண இரட்டை விண்மீன் ஒன்றின் ஒளி மாற்றத்தைத் தாங்களே அளந்து, அதிலிருந்து என்ன சொல்ல முடியும் என்று பார்ப்பது. வழிகாட்டி அவர்களுடைய பேராசிரியை. தொலைநோக்கியை வைக்க இருட்டான இடமும் இரவில் கூட இருக்க ஒரு ஆளும் தேவைப்பட்டதால் என்னைத் தேடி வந்தார்கள். நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் உள்ள எங்கள் வீட்டுத் தட்டட்டியில்தான் எல்லா அளவீடும் நடந்தது. இதேபோன்ற வேலையைத் தொடங்க நினைக்கும் மற்ற துறைகளுக்குப் பயன்படும் என்று பேராசிரியை சொன்னதால் இதை எழுதுகிறேன்.

சூரியனைவிடச் சிறிய, சிவந்த விண்மீன்கள்தான் நம் அண்டையில் அதிகம். ஆனாலும் அவற்றின் எடையையும் ஆரத்தையும் கோட்பாட்டின் தயவில்லாமல் அளக்கும் வழிகள் குறைவு. கிரகண இரட்டை அவற்றில் முக்கியமானது. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களின் சுற்றுத்தளம் நம் பார்வைக் கோட்டை ஒட்டி அமைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒளி குறைந்து மீளும். இப்படி அளக்கப்பட்ட சிவப்புக் குள்ளர்களின் ஆரம், கோட்பாட்டு மாதிரிகள் சொல்வதைவிடப் பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடு பெரிதாக வந்திருக்கிறது. மேற்பரப்பு வெப்பநிலை சற்றுக் குறைவாக வந்திருக்கிறது. நெருங்கிச் சுற்றும் ஜோடி தன் அச்சிலும் அதே வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் காந்தப்புலம் வலுத்து, கரும்புள்ளிகள் பெருகி, விண்மீன் உப்பிவிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதனால்தான் இந்த இரட்டைகளில் கிரகணம் மட்டுமல்ல, கிரகணம் இல்லாத நேரத்து மெல்லிய ஏற்ற இறக்கமும் கவனிக்கப்படுகிறது. பிரச்சினை எழுந்ததும் அங்கேதான்.

மூன்று விண்மீன்கள் பட்டியலில் இருந்தன. சி.எம். டிராகோனிஸ்: இரு உறுப்பும் சூரியனின் எடையில் கால் பங்குக்கும் கீழ், 1.27 நாள் சுற்று, பாடப்புத்தக உதாரணம். ஆனால் 12.9 மேக்னிட்யூட் (பொலிவின் அளவு; எண் கூடினால் மங்கல்), அதோடு ஜனவரியில் பின்னிரவில்தான் உதிக்கும். ஏப்ரலில் ஆய்வேடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். சி.யு. கான்க்ரி: 2.77 நாள் சுற்று என்பதால் இரவில் சிக்கும் கிரகணங்கள் கொஞ்சம். மிஞ்சியது ஒய்.ஒய். ஜெமினோரம். ஒவ்வொன்றும் சூரியனில் ஏறக்குறைய 0.6 பங்கு எடையுள்ள, அநேகமாக ஒரே மாதிரியான இரு விண்மீன்கள், 9 மேக்னிட்யூட், 19½ மணி நேரச் சுற்று. 9¾ மணிக்கு ஒரு கிரகணம் என்பதால் வானம் தெளிந்த நீண்ட இரவு எதிலும் அநேகமாக ஒன்று கிடைத்துவிடும். இதன் கிரகணம் 1926 முதலே தெரிந்தது. ஒப்பிட நூறாண்டுத் தரவு உண்டு.

இதற்கு ஒரு விலை இருந்தது. இந்த இரட்டை, புனர்பூசத்தின் இரு விண்மீன்களில் ஒன்றான காஸ்டரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறு விண்மீன்கள் கொண்ட அந்தக் கூட்டத்தில் மூன்றாவது ஜோடி. பிரகாசமான காஸ்டரிலிருந்து 70 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) தள்ளித்தான் இருக்கிறது; காஸ்டரோ இதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஒளி மிக்கது.

இடமும் கருவியும்

ஆறு அங்குல நியூட்டன் தொலைநோக்கி, 750 மில்லிமீட்டர் குவியத் தூரம், நிறம் பிரிக்காத சிமோஸ் கேமரா, மஞ்சள்-பச்சைப் பகுதியை விடும் ‘வி’ வடிகட்டி, அகச்சிவப்பை ஒட்டிய ‘ஐ’ வடிகட்டி. கேமராவும் வடிகட்டிகளும் துறையின் சொத்து, மற்றவை என்னுடையவை.

வடக்கத்தியக் கையேடுகளில் இல்லாத சிக்கல் ஒன்று நம் அட்சரேகையில் உண்டு. தொலைநோக்கியைச் சுமந்து சுழற்றும் தாங்கியின் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும்; துருவ விண்மீனோ இங்கே எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பனங்கூட்டம், அதற்கு மேல் திருநெல்வேலி நகரத்து வெளிச்சம். தாங்கியின் அச்சை அவ்வளவு தாழ்த்தவும் திருகு இடம் கொடுக்கவில்லை. தாழ்த்தினால், இலக்கு உச்சியைக் கடக்கிற நேரத்தில் எதிர்எடை முக்காலியின் காலில் இடித்தது. வள்ளியூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் தடித்த இரும்புக் குழாயை நிறுத்தி, மேலே சாய்ந்த தட்டு வைத்து ஒரு தூண் செய்தோம். துருவ விண்மீனைப் பார்க்காமல், உச்சியிலும் கிழக்கிலும் ஒவ்வொரு விண்மீன் நகர்வதைக் கவனித்து அச்சைத் திருத்தினார் மாணவர். கை பழகியபின் அவருக்கு அது அரை மணி வேலை.

மார்கழி, தை மாதங்களில் வயலில் பிசானம் நிற்கும், குளத்தில் தண்ணீர் நிற்கும். நள்ளிரவு தாண்டினால் கண்ணாடியில் பனி இறங்கிவிடும். குழாயைச் சுற்றி சிறு மின்தடைச் சூடேற்றி கட்டி, பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரியில் ஓட்டினோம். தெற்கே பணகுடிப் பக்கக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கு எரிச்சல் தந்தனவே தவிர, படத்துக்குத் தீங்கில்லை. எதிர்வீட்டு எல்.இ.டி. விளக்குதான் நேராகக் குழாய்க்குள் அடித்தது. “ராத்திரி பூரா என்னத்தப் பாக்கிய அண்ணாச்சி?” என்று கேட்டவரை ஒரு நாள் மேலே அழைத்து வியாழனைக் காட்டினோம். மறுநாளிலிருந்து பத்து மணிக்கு மேல் விளக்கு எரியவில்லை.

முதலில் கண்டது: ஆழமில்லாத கிரகணம்

முதல் இரவுகளில் கிரகணத்தை மையமாக வைத்து மூன்று மணி நேரம் மட்டும் படம் எடுத்தார்கள். வளைவு அழகாக வந்தது. ஆழம்தான் இடித்தது. இந்த இரட்டையில் ஒளி அரை மேக்னிட்யூட்டுக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு ஒளி போக வேண்டும். அவர்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை.

ஆழம் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்பு ஒளியை. இலக்கின் ஒளியோடு மாறாத வேறு ஒளி எதுவும் சேர்ந்து எண்ணப்பட்டால், விழுக்காட்டில் இறக்கம் சுருங்கித் தெரியும். மாணவி ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கறுப்பு-வெள்ளை அளவை முறுக்கியபோது ஆள் அகப்பட்டது. நியூட்டன் தொலைநோக்கியில் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகள் ஒவ்வொரு பிரகாசமான விண்மீனுக்கும் நான்கு கதிர்களை வரையும். காஸ்டரின் கதிர் ஒன்று நேராக ஒய்.ஒய். ஜெமினோரம் மீது ஏறிக் கிடந்தது.

இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, குழாயை அதன் வளையங்களுக்குள்ளேயே சுமார் நாற்பது பாகை திருப்பி, இலக்கு இரு கதிர்களுக்கு நடுவில் விழும்படி வைப்பது. இந்த வகைத் தாங்கியில் கதிர்களின் திசை இரவு முழுக்க மாறாது. குழாய் மறுபுறம் புரண்டாலும் நான்கு கதிர் என்பதால் அதே இடம்தான். இரண்டு, பின்னணி வானத்தை அளக்கும் முறையை மாற்றுவது. மென்பொருள் வழக்கமாக இலக்கைச் சுற்றி ஒரு வளையத்தில் பின்னணியை எடுக்கும். இங்கே அந்த வளையத்தின் ஒரு பாதி காஸ்டரின் பக்கம் சாய்ந்து வெளுத்திருக்கும், மறு பாதி இருண்டிருக்கும். அதற்குப் பதிலாக, காஸ்டரிலிருந்து அதே 70 விகலைத் தூரத்தில், கதிர் படாத மற்றத் திசைகளில் வெற்று வானத்தை அளந்து கழித்தார்கள். ஆழம் எதிர்பார்த்த அளவுக்கு வந்தது. சிமோஸ் கேமராவில் காஸ்டர் நிறைந்து வழிந்தாலும் பழைய சி.சி.டி. கேமராபோல நெடுங்கோடாக ஒழுகவில்லை என்பது எங்களுக்குக் கிடைத்த சலுகை.

சர்ச்சை: கரும்புள்ளியா, காற்றா?

அடுத்த வளைவுகளில் மாணவி ஒன்றைக் கவனித்தார். கிரகணம் முடிந்த பிறகு ஒளி சமமாக நிற்கவில்லை. விண்மீன் மேற்கே சரியச் சரிய, புள்ளிகள் மெல்ல மேலே ஏறின. “சார், இது ஸ்பாட் தான்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒய்.ஒய். ஜெமினோரத்தில் கரும்புள்ளி உண்டு என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்தது. அதன் வளைவில் இப்படிப்பட்ட சாய்வுகள் பலமுறை பதிவாகியிருக்கின்றன. ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். மாணவர் ஒப்பவில்லை. ஒப்பீட்டு விண்மீனின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார்.

இலக்கின் ஒளியை எப்போதும் அதே படத்தில் உள்ள வேறொரு நிலையான விண்மீனோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம். மெல்லிய மேகம் போனால் இரண்டும் சேர்ந்தே மங்கும், விகிதம் மாறாது. இவர்கள் தேர்ந்த ஒப்பீட்டு விண்மீன் பொலிவில் இலக்குக்கு இணையானது, நிறத்தில் நீலம். அடிவானத்தை நெருங்கும்போது காற்று நீல ஒளியைக் கூடுதலாகத் தின்னும். முப்பது பாகை உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, தலைக்கு நேர் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு. ‘வி’ வடிகட்டி அகலமானது. அதன் நீல விளிம்பில் நீல விண்மீனுக்கு நிறைய ஒளி, சிவப்புக் குள்ளனுக்குக் கொஞ்சம். ஆக, தாழ்ந்து போகையில் நீல விண்மீன் கூடுதலாக இழக்க, சிவப்பு இலக்கு ‘ஏறுவது’ போலத் தெரியும். கரும்புள்ளியே இல்லாத விண்மீனிலும் இது நடக்கும்.

பேராசிரியை இதைப் பேசித் தீர்க்க விடவில்லை. இரண்டையும் பிரிக்கும் சோதனை என்னவென்று கேட்டு, ஒரு தாளில் அவர்களையே எழுத வைத்தார். கரும்புள்ளி விண்மீனோடு சேர்ந்து சுழல்வது. அதன் விளைவு சுற்றின் கட்டத்தை, அதாவது இரட்டை தன் சுற்றில் நிற்கும் இடத்தை, பின்பற்ற வேண்டும். காற்றின் விளைவு உயரத்தைப் பின்பற்றும். சுற்றுக்காலம் 0.8143 நாள். ஒரு நாள் கழித்து அதே மணிக்கு இரட்டை ஒரு முழுச் சுற்றும் மேலே 0.228 பங்கும், அதாவது கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும், கடந்திருக்கும். வானத்தில் அதன் உயரமோ அநேகமாக அதேதான். எனவே அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் முழு இரவும் அளந்து, சாய்வு மணியோடு போகிறதா கட்டத்தோடு போகிறதா என்று பார்த்தால் போதும். இந்தத் தாளைத்தான் இந்த வேலையின் ஆகச் சிறந்த பக்கம் என்று நினைக்கிறேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கையெழுத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

இதற்கு நாள் பார்ப்பது எளிதாக இல்லை. தைப்பூசத்தன்று முழுநிலவு பூசத்தில் நிற்கும். அதற்கு முந்தைய நட்சத்திரம் புனர்பூசம். அதாவது எங்களுக்கு ஆகச் சிறந்த மாதத்தில், நிலவு இலக்கின் மடியிலேயே வந்து உட்காரும். அந்த வாரம் முழுக்கக் கருவியை மூடி வைத்தோம். பிறகு ஊரில் ஒரு கொடை. போகஸ் விளக்கும் சவுண்டு செட்டும் விடிய விடிய. அதன் பிறகு, நிலவில்லாத மாசி இரவுகளில் அடுத்தடுத்து இரண்டு கிடைத்தன. கருப்பட்டிக் காப்பியின் துணையில் மாலை இருட்டியதிலிருந்து, விண்மீன் மேற்கு மலையை நெருங்கும்வரை படம் எடுத்தார்கள்.

சோதனை சொன்னது

இரு இரவுகளின் வளைவையும் கட்டத்தின்படி அடுக்கியபோது சாய்வுகள் பொருந்தவில்லை. உயரத்தின்படி அடுக்கியபோது ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. பெரும்பகுதி காற்றுதான்.

மாணவி அதோடு விடவில்லை. அவருடைய அந்தப் பிடிவாதம் வேலைக்கு நல்லதாகவே முடிந்தது. கையா விண்கலத்தின் அட்டவணையில் நிறத்தைப் பார்த்து, அதே படங்களிலேயே இருந்த, பொலிவு குறைந்த ஆனால் சிவந்த இரண்டு விண்மீன்களை ஒப்பீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். புள்ளிகளின் சிதறல் கொஞ்சம் கூடியது. சாய்வு கிட்டத்தட்ட மறைந்தது. இன்னொரு இரவில் ‘ஐ’ வடிகட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் காற்று தின்பது குறைவு. நீல ஒப்பீட்டு விண்மீனை வைத்தே அளந்தாலும் சாய்வு காணோம். காஸ்டர் வெள்ளை விண்மீன், இலக்கோ சிவப்பு என்பதால் ‘ஐ’ யில் காஸ்டரின் தொல்லையும் நன்றாகக் குறைந்தது.

ஆனாலும் ஒரு மிச்சம் இருந்தது. ஒரு இரவில், விண்மீன் உச்சியைக் கடந்த பிறகு வளைவு சட்டென்று ஒரு படி இறங்கி நின்றது. தாங்கி அங்கே குழாயை மறுபுறம் புரட்டும். படம் தலைகீழாகி எல்லா விண்மீன்களும் கேமராவின் வேறு புள்ளிகளில் போய் விழும். தூசியின் நிழலைத் திருத்த எடுத்த சமதளப் படங்கள் அன்றைக்குச் சரியாக அமையவில்லை. படி விழுந்த இடமும் குழாய் புரண்ட நேரமும் ஒன்று என்பதால் இதில் வாதமில்லை. இதையெல்லாம் கழித்தபின் எஞ்சிய ஏற்ற இறக்கம், சரிபார்ப்பு விண்மீனின் சொந்தச் சிதறலுக்குள் அடங்கிவிட்டது.

“அப்ப ஸ்பாட் இல்லையா மேடம்?”

“இருக்குங்கிறது எல்லாருக்கும் தெரியும். நம்ம அளவுல தெரிஞ்சுதாங்கிறதுதான் கேள்வி. தெரியல.”

தனி அத்தியாயம் ஒரு பத்தியாகச் சுருங்கியது. மாணவிக்கு அன்று வருத்தம்தான்.

கிரகணம் தாமதிக்கிறதா?

இது சீக்கிரம் முடிந்த விவகாரம். ஜனவரி முதல் மார்ச் வரை அளந்த கிரகண மையங்களை, பழைய தரவிலிருந்து கணித்த நேரத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் தாமதம். மூன்றாவது பொருள் ஏதும் இழுக்கிறதோ என்று ஒரு நாள் மாலை முழுவதும் உற்சாகமாகப் பேசப்பட்டது.

காரணம் நம் பூமி. காஸ்டர் சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்கும் ஜனவரி நடுவில், நாம் சூரியனைவிட அந்த விண்மீனுக்கு எட்டு ஒளி நிமிடம் அருகில் இருக்கிறோம். செய்தி நமக்கு முந்தி வருகிறது. ஏப்ரல் நடுவில் அந்த முந்தல் ஏறக்குறைய பூஜ்யம். நேரத்தைச் சூரியனின் இடத்துக்கு மாற்றி எழுதாவிட்டால் கிரகணம் மெல்லத் தள்ளிப் போவதாகவே தோன்றும். திருத்தியதும் தாமதம் போனது. ஒரே ஒரு இரவு மட்டும் அடங்காமல் நின்றது. அன்று மடிக்கணினி இணையத்தில் இணையவே இல்லை, அதன் கடிகாரம் எவ்வளவு பிந்தியிருந்தது என்பதற்குச் சாட்சி எதுவும் கிடையாது. அந்த இரவின் வளைவை வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நேரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் நமக்கு மாலை 5.30-க்கு மாறுவதால், ஒரு இரவு முழுக்க ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. தேதிக் குழப்பம் எங்களுக்கு வரவில்லை. ஐரோப்பாக்காரர்களுக்கு இல்லாத வசதியல்ல இது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ குளிர்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே எண் மாறிவிடும். ஜப்பானில் இரவு ஒன்பது மணிக்கு எண் மாறும்.

என்ன எழுதினார்கள், என்ன எழுதவில்லை

கிரகணம் தொடங்கி முடிய ஏறக்குறைய இரண்டு மணி. சுற்றுக்காலத்தோடு அதை வைத்துக் கணக்கிட்டால், இரு ஆரங்களின் கூட்டுத்தொகை அவற்றின் இடைவெளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறது. இரு கிரகணங்களும் அநேகமாக ஒரே ஆழம் என்பதால் இருவரின் வெப்பநிலையும் அநேகமாக ஒன்று. முழுக்க மறைத்திருந்தால் முக்கால் மேக்னிட்யூட் இறங்கியிருக்கும். இறங்காததால் சுற்றுத்தளம் சற்றே சாய்ந்தது. இவ்வளவும் அவர்களுடைய சொந்த அளவீடு சொல்வது.

கிலோமீட்டரில் ஆரம் எவ்வளவு என்பதை ஒளி மட்டும் சொல்லாது. அதற்கு இரு விண்மீன்களின் வேகமும் வேண்டும். அது நிறமாலையில்தான் கிடைக்கும். வெளியிடப்பட்ட வேகங்களை வாங்கிப் போட்டு, “எங்கள் ஆரமும் மாதிரியைவிடப் பெரிது” என்று ஒரு வரி எழுத மாணவருக்கு ஆசை. அவர்களுடைய ஆர விகிதத்தில் இருந்த நிச்சயமின்மை, அந்தச் சில விழுக்காட்டு வேறுபாட்டையே விழுங்கும் அளவு. பேராசிரியை அந்த வரியை அடித்துவிட்டு, சூரிய ஆரத்தில் 0.62 என்ற வெளியீட்டு மதிப்போடு முரண்படவில்லை என்று மட்டும் எழுத விட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்டதே கரும்புள்ளியைப் பற்றித்தான். மாணவி இரு இரவுச் சோதனைப் படத்தைத் திருப்பிக் காட்டினார். மேற்கொண்டு கேள்வி அந்தப் பக்கத்தில் வரவில்லை. திருத்திய ஒளி அளவுகள், 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தின் பொதுத் தரவகத்துக்கு அனுப்பப்பட்டன.

அடுத்த முறை மாற்றுபவை

ஒப்பீட்டு விண்மீனை நிறம் பார்த்துத் தேர்வது முதல் இரவுக்கு முன்பே முடிய வேண்டும், பொலிவு இரண்டாவது. கடிகாரத்துக்கு ஜி.பி.எஸ். குச்சி ஒன்று மடிக்கணினியில் நிரந்தரமாகச் செருகப்பட்டுவிட்டது. சமதளப் படங்களைக் குழாயின் இரு பக்க நிலைக்கும் தனித்தனியாக எடுக்கிறோம். கிரகணத்தை மட்டும் குறிவைத்த மூன்று மணி நேர இரவுகளைக் குறைத்து, முழு இரவுகளைக் கூட்டுவது என்றும் முடிவு. விண்மீனில் திடீரென்று எழுந்து அடங்கும் ஒளிவெடிப்பைத் தேடுபவர்கள் எங்களைப் பின்பற்ற வேண்டாம். அது நீலத்தில்தான் பெரிதாகத் தெரியும், ‘ஐ’ யில் அடங்கிப் போகும்.

அடுத்த மாணவர் அணி சி.எம். டிராகோனிஸைக் கேட்கிறது. பக்கத்தில் காஸ்டர் மாதிரி யாருமில்லை; கிரகணம் ஒன்றேகால் மணியில் முடிந்துவிடும்; டெஸ் விண்கலத்தின் பொதுத் தரவும் ஏராளம், முதல் நாளிலிருந்தே ஒப்பிடலாம். வடக்கே 41 பாகை உயரம் வரைதான் ஏறும் என்பதால் காற்றுத் திருத்தம் இன்னும் கடுமையாக இருக்கும், சுற்றிலும் அதே சிவப்பில் ஒப்பீட்டு விண்மீன் கிடைப்பதும் சந்தேகம். எட்டு அங்குலக் கண்ணாடிக்குத் துறை விண்ணப்பம் போட்டிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் சாஸ்தா கோயிலுக்குப் போய்த் திரும்பியதும், அன்று எப்படியும் முழுநிலவுதானே, வள்ளியூர்ப் பட்டறையில் இரண்டாவது தூணுக்கு அளவு கொடுக்க வேண்டும்.